மொட்டை மாடியில் ஆவி பிடித்தோம்

இரண்டு ஆண்டுகள் என் வேலை ஆவி பிடிப்பது. என்ன வேலை என்று யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். கேட்டவர்களில் பாதிப் பேர் சளிக்கு வெந்நீர்ச் சட்டியில் முகம் காட்டுவதை நினைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் வேறு மாதிரி ஆவியை. குயின் ஸ்திரீட் பக்கம் நாங்கள் ஏறிப்போகும் நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு துணிக்கடை இருந்தது. எங்களைப் பெட்டிகளோடு பார்க்கும்போதெல்லாம் கடைக்காரர், "இன்னிக்காவது மாட்டுச்சா?" என்று கேட்பார். மாட்டியது அண்ணே என்று சொல்லிவிட்டுப் படியேறுவேன்.

நாங்கள் பிடித்தது காற்றில் கலந்திருக்கும் ஈரம். பினாங்குத் தீவில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அதைச் சிந்தாமல் சிதறாமல் முழுதாகப் பிடிக்க வேண்டும். தண்ணீர் எல்லாம் ஒரே எடையில் இருப்பதில்லை. அதில் மிகச் சிறிய பங்கு, மற்றதைவிடக் கொஞ்சம் கனம். மழை பெய்யும்போது கனமான பங்கு முந்திக்கொண்டு இறங்கிவிடும். மேலே மிஞ்சும் ஈரம் போகப்போக இலேசாகும். அந்தக் கனத்தையும் இலேசையும் அளந்து பார்த்தால், நம் தலைமேல் இருக்கும் ஈரம் பக்கத்துக் கடலிலிருந்து வந்ததா, தூரத்துச் சமுத்திரத்திலிருந்து வந்ததா, அக்கரையில் நிபோங் திபாலின் செம்பனை எண்ணெய்த் தோட்டங்கள் மூச்சாக விட்டதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஐசோடோப்பு ஆய்வு என்று அதற்குப் பெயர். பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வுக்கு நான் உதவியாளர். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது.

என்னோடு மேலே வந்தவர் எங்கள் ஆய்வகத்தின் தொழில்நுட்பர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் வீடு, நானும் அதே கரைதான். காலையில் பெரும்பாலும் ஒரே ஃபெர்ரியில் வருவோம், அவர் மோட்டார் சைக்கிளோடு, நான் நடையாக. நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். அதிகம் பேச மாட்டார். கண்ணாடிக் குழாயை வளைப்பதிலிருந்து பம்பைப் பழுது பார்ப்பதுவரை எல்லாம் அவர் கைதான். என் கையில் இருந்தது நோட்டுப்புத்தகமும் கடிகாரமும்.

முறை இதுதான். மொட்டை மாடியில் ஒரு கம்பத்தின் உச்சியிலிருந்து காற்றைப் பம்பு இழுக்கும். அந்தக் காற்று ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய் வழியாகப் போகும். குழாய் ஒரு பெரிய பிளாஸ்க்குக்குள் மூழ்கியிருக்கும். பிளாஸ்க்கில் ஆல்கஹாலும் உலர் பனிக்கட்டியும் கலந்த கூழ். அந்தக் குளிரில் காற்றிலிருக்கும் ஈரம் அத்தனையும் குழாயின் உள்சுவரில் வெள்ளையாக உறைந்து ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் ஆனதும் இரண்டு பக்க வால்வையும் மூடி, முனைகளில் மூடி போட்டு, அடுத்த குழாயை மாட்ட வேண்டும். வால்வை மூடாமல் பம்பு நின்றாலோ, மூடி போடுமுன் குழாய் வெளிக்காற்றைக் குடித்தாலோ, அவ்வளவுதான். அரை மணி நேரமும் வீண். அரை மணிக்கு எங்களுக்குக் கிடைப்பது அரை மில்லித் தண்ணீர்.

உலர் பனிக்கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தண்ணீர் உறைந்தது அல்ல, கரியமில வாயு உறைந்தது. உருகி ஒழுகாது, நேராக வாயுவாகிப் போய்விடும். மூடிய அறையில் வைக்கக் கூடாது என்று எங்கள் ஆய்வகச் சுவரில் மூன்று மொழியில் ஒட்டியிருந்தது. எங்கள் இருவருக்கும் அது தெரியும். அது தெரியாமல் நடந்தது இல்லை இது.

ஆய்வை நடத்திய பேராசிரியருக்கு வேண்டியிருந்தது ஒரு முழு இடிமழை. மழைக்கு முன், மழை தொடங்கும்போது, கொட்டும்போது, ஓயும்போது என்று இடைவெளியில்லாமல் அரை அரை மணிக் குழாய்கள். இரண்டு முறை முயன்று இரண்டும் கெட்டுப்போயின. முதல் தடவை குழாயின் வாயிலேயே பனி அடைத்துக்கொண்டது. இரண்டாம் தடவை மின்சாரம் போயிற்று. இரண்டாவது முறை ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து நான் சொன்னதும் பேராசிரியர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆண்டறிக்கைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, இந்த மழைக்காலம் போனால் திட்டத்தை நீட்டச் சொல்லிக் கேட்க அவர் கையில் ஒன்றும் இருக்காது என்றார். திட்டம் போனால் என் வேலையும் போகும். அதை அவர் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

அது நோன்பு மாதத்தின் மூன்றாவது வாரம். பிற்பகல்தோறும் மழை பெய்துகொண்டிருந்தது. உலர் பனிக்கட்டி அக்கரையிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும். அன்று வந்தது. மதியம் ஒரு மணிக்கே தீவின் நடுவில் கொடிமலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. அண்ணன் நோன்பு வைத்திருந்தார். இன்னொரு நாள் வைத்துக்கொள்வோமா என்று கேட்டேன்.

"மழ நம்ம நோம்ப பாத்துட்டு வருமா? வாங்க, ஏறுவோம்," என்றார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடம் இருக்காது. ஒரு கதவு, உள்பக்கமாகத் திறக்கும். ஒரு ஜன்னல், கண்ணாடிச் சட்டங்கள் வைத்தது. அதில் ஒரு சட்டத்தைக் கழற்றி, காற்றுக் குழாயை உள்ளே விட்டு, மீதி இடைவெளியில் துணி அடைத்திருந்தோம். வால்வுகளும் அளவுமானியும் ஜன்னல் ஓரம் என் முகத்துக்கு நேராக. பிளாஸ்க் ஒரு குட்டை முக்காலியில். அண்ணன் தரையில் பலகை போட்டு அதன் அருகில் உட்கார்ந்து, கூழ் குறையக் குறைய உலர் பனிக்கட்டியை உடைத்துப் போடுவார். எப்போதும் கதவு அகலத் திறந்திருக்கும். அதற்கு ஒரு செங்கல்கூட வைத்திருந்தோம்.

இரண்டரை மணிக்கு முதல் குழாய் தொடங்கியது. மூன்று மணிக்கு இரண்டாவது. மூன்றே காலுக்கு மேல் காற்று திரும்பியது. முதல் துளிகள் விழுந்த சத்தம் கல் எறிந்தது போல் கேட்டது. பிறகு பக்கத்துக் கட்டடம் தெரியவில்லை. மழை நேராகக் கதவு வழியே உள்ளே அடித்தது. தரையில்தான் மின்சார இணைப்புப் பலகை இருந்தது, பம்பின் ஒயர் அதில் செருகியிருந்தது. அண்ணன் எழுந்து இணைப்புப் பலகையைத் தூக்கிக் கவிழ்த்த வாளி மேல் வைத்தார். அப்போதும் சாரல் எட்டியது. என்னைப் பார்த்தார். நான் அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல்லைக் காலால் தள்ளிக் கதவை மூடினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் முதல் தப்பு, அது எங்கள் இருவருடையது.

மூன்றரைக்கு மூன்றாவது குழாய். மழை உச்சத்தில் இருந்தது. இடி விழும்போதெல்லாம் பம்பு ஒரு நொடி முனகும். கதவின் அடியில் தண்ணீர் வந்து தரையில் பரவியது. அண்ணன் ஈரத் துண்டில் பனிக்கட்டியைச் சுற்றிச் சுத்தியலால் உடைத்தபோது துண்டு பிரிந்து, கட்டிகள் தண்ணீரில் உருண்டன. உடனே வெள்ளைப் புகை எழும்பித் தரையோடு தரையாக நின்றது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. பொறுக்கலாமா என்றேன். கிடக்கட்டும், தானாகப் போய்விடும் என்றார்.

நான்கு மணிக்கு நான்காவது குழாயை மாட்டினேன். அதுவரை மூன்றும் சுத்தமாக வந்திருந்தன. இத்தனை தூரம் நாங்கள் வந்ததே இல்லை. அண்ணன் தலையை வலிக்கிறது என்றார்.

"நோம்பு தலவலியா அண்ணே?"

"அப்படித்தான் இருக்கும்."

அவர் வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஓடி வந்தவர் போல. சஹருக்கு எழுந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பதில் வந்ததாக நினைவில்லை. எனக்கும் நெற்றி விண்ணென்று இருந்தது. நோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காற்றின் அளவைக் குறிக்க வேண்டும். நான்கு பத்துக்கு எழுதியதையே நான்கு இருபதுக்கும் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு இருபத்தாறுக்கு அவர் கூப்பிட்டார். "தங்கச்சி."

நான் திரும்பவில்லை. "நாலு நிமிசம் அண்ணே," என்றேன்.

அளவுமானியின் முள் இறங்கத் தொடங்கியிருந்தது. குழாயின் வாயில் பனி சேர்கிறது, முதல் தடவை நடந்த அதே அடைப்பு. இன்னும் சில நிமிடம் தாக்குப்பிடிக்குமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை என்ன சொன்னார் என்று தெளிவாகக் கேட்கவில்லை. குரல் தரையிலிருந்து வந்தது. கூடவே ஏதோ சாய்ந்து உருளும் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். கதவோரம் சரிந்து கிடந்தார். ஆல்கஹால் புட்டி அவர் மடியில் கவிழ்ந்து சட்டை முழுக்க நனைந்துகொண்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். முதல் வால்வை மூடினேன். இரண்டாவதை மூடினேன். பம்பை நிறுத்தினேன். குழாயைக் கழற்றி இரண்டு முனைகளிலும் மூடி போட்டுத் திருகினேன். ஒரு மூடி சரியாக உட்காரவில்லை, எடுத்து மறுபடி போட்டேன். நோட்டில் நேரத்தை எழுதினேன். அதன் பிறகுதான் அவரிடம் போனேன்.

இதை இப்படியே எழுத எனக்குப் பல மாதங்கள் ஆயின.

அவரைத் தூக்கக் குனிந்ததும் மூக்கில் சோடா ஏறியது போல் சுரீர் என்றது. வாய் புளித்தது. ஒரு மூச்சு இழுத்தேன், அது உள்ளே போய் ஒன்றும் செய்யவில்லை. அப்போதுதான் புரிந்தது. நோன்பும் இல்லை, பதற்றமும் இல்லை. ஒரு மணி நேரமாக நாங்கள் பனிக்கட்டியின் வாயுவை அடைத்துவைத்திருந்தோம். காற்றைவிடக் கனமான அது முதலில் தரையில் உட்கார்ந்திருந்தவரை மூடியிருக்கிறது. நிற்கிற என் கழுத்துக்கு இன்னும் வரவில்லை.

கதவைத் திறக்கப் போனேன். உள்பக்கமாகத் திறக்கும் கதவு; அவர் உடம்பு அதை அடைத்துக் கிடந்தது. நிமிர்ந்து ஜன்னல் துணியைப் பிடுங்கி எறிந்தேன். சுத்தியலால் கண்ணாடிச் சட்டங்களை அடித்தேன். மழை முகத்தில் அறைந்தது. அந்தக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி குனிந்து, அவர் இரண்டு கைகளையும் பற்றி இழுத்தேன். அவர் நகரவில்லை. நிமிர்ந்து மறுபடி மூச்சு வாங்கினேன். இரண்டாவது தடவை ஒரு சாண் நகர்ந்தார். மூன்றாவது தடவை கதவு திறக்கும் அளவுக்கு இடம் கிடைத்தது. முக்காலி சாய்ந்து பிளாஸ்க் உடைந்தது. எதையும் பார்க்கவில்லை. அக்குளில் கை கொடுத்து வெளியே மொட்டை மாடிக்கு இழுத்துப் போட்டேன். மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. அவர் உதடு நீலமாக இருந்தது. முகத்தில் மழை விழ விழ, ஒரு பெரிய மூச்சு இழுத்தார், அப்புறம் இன்னொன்று. நான் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண் அசைந்தது. வாந்தி எடுத்தார்.

கைப்பேசியில் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். படிக்கட்டுத் தலைப்பில் நின்று கத்தினேன். துணிக்கடைக்காரரும் அவர் கடை ஆள் ஒருவரும் ஏறி வந்தார்கள். மூன்று பேருமாக அவரை நான்கு மாடியும் இறக்கினோம்.

அவசரப் பிரிவில் அவரை வாங்கிக்கொண்ட பணியாளர் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சட்டையிலிருந்து ஆல்கஹால் நெடி குப்பென்று வந்துகொண்டிருந்தது. நோன்பு மாதத்தில், பெயரைக் கேட்டால் முஸ்லிம் என்று தெரிகிற ஒரு மனிதர். பணியாளர் மலாயில் மெதுவாக இன்னொருவரிடம் ஏதோ சொன்னார். அண்ணனுக்கு அது கேட்டது. முகமூடி வழியே ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே கையை ஆட்டி, இல்லை இல்லை என்று சைகை காட்டினார். நான் முன்னால் போய், அது ஆய்வகத்து ஆல்கஹால், குடிப்பது இல்லை, கவிழ்ந்துவிட்டது என்று ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் மூன்று தடவை சொன்னேன். அவர் அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கையால் இழுத்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பார்த்தவுடன் வெளியே இழுத்துவிட்டேன் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். என்னையும் உட்காரவைத்துப் பரிசோதித்தார். உங்கள் மூளைக்கும் வாயு கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், தலைவலி ஒரு நாள் இருக்கும் என்றார். பின்னால் பல தடவை அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். எனக்கும் புத்தி தெளிவாக இல்லை, அதனால்தான் என்று. இருக்கலாம். ஆனால் இரண்டு வால்வையும் சரியான வரிசையில் மூடத் தெரிந்திருந்தது. உட்காராத மூடியை எடுத்து மறுபடி போடத் தெரிந்திருந்தது.

அவர் மனைவி ஆறரைக்கு வந்தார், பள்ளிக்கூட அலுவலக வேலையிலிருந்து வீட்டுக்குப் போய்ச் செய்தி கேட்டு, ஃபெர்ரி பிடித்து. கட்டிலருகே குனிந்ததும் அவருக்கும் அந்த நெடி அடித்திருக்க வேண்டும். முகம் மாறியது. அண்ணன் என்னைக் காட்டினார். நான் நான்காவது தடவையாகச் சொன்னேன். அவர் கணவரின் நெற்றியைத் துடைத்துவிட்டு, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்," என்றார்.

எங்கேயோ பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. அண்ணன் இப்போது ஒன்றும் சாப்பிட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்தபடி அவர் மனைவியும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் சொன்ன பிறகுதான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் போன் செய்தார். முதலில் அண்ணனைப் பற்றித்தான் கேட்டார். நான்கு தடவை கேட்டார், என்னைப் பற்றியும் கேட்டார். அது உண்மையான கவலை. பிறகு, "சாம்பிள்?" என்றார். நான்கு குழாய்கள் மூடியோடு பத்திரமாக இருக்கின்றன என்றேன்.

அண்ணன் இரண்டு நாளில் வீடு திரும்பினார். உடம்பில் பாதிப்பு எதுவும் மிஞ்சவில்லை. நான் நான்கு குழாய்களையும் உருக்கி, குட்டிப் புட்டிகளில் அடைத்து, எடை போட்டு, பாதியைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். விபத்து அறிக்கைப் படிவத்தில், உடனடியாக வெளியேற்றப்பட்டார் என்று எழுதினேன். பாதுகாப்புக் குழு வந்து அறையைப் பார்த்தது, மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டது. எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். ஒருவர் தைரியசாலி என்றார். தினமும் ஃபெர்ரியில் அவரைப் பார்க்க நேருமே என்று, அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு நான் அரை மணி முன்னதாகவே கிளம்ப ஆரம்பித்தேன்.

பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தில் முடிவுகள் வந்தன. நான்கு குழாய்களும் படிப்படியாக, மழை கூடக்கூட இலேசாகிக்கொண்டே போயிருந்தன. நான்காவது எல்லாவற்றையும்விட இலேசு. பேராசிரியர் தாளை என் முன்னால் வைத்து விரலால் கோட்டைத் தொடர்ந்து காட்டினார். ஓயும் நேரம் மட்டும் இல்லை; மற்றபடி எங்களுக்கு இதுவரை கிடைக்காத முழு மழை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் வந்த கையோடு பயமும் வந்தது, இதோடு எல்லாம் முடிந்துவிடும், இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று.

அன்று மாலை ஃபெர்ரியில் அவரைத் தேடிப் போனேன். மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முடிவு வந்ததைச் சொன்னேன். நல்லது என்றார்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க என்னைக் கூப்பிட்டீங்க."

"எப்ப?"

"விழறதுக்கு முன்னாடி. ரெண்டு தரம்."

"எனக்கு ஞாபகம் இல்லையே."

"எனக்கு இருக்கு. ரெண்டாவது தரம் திரும்பிப் பாத்தேன். நீங்க சரிஞ்சு கெடந்தீங்க. பாத்துட்டு, திரும்பிப் போயி வால்வ மூடுனேன். டியூபுக்கு மூடி போட்டேன். நேரம் எழுதுனேன். அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வண்டிக்காரர் எங்களுக்கு இடையே புகுந்து போனார்.

"எவ்ளோ நேரம்?"

"ஒரு நிமிசம். ஒண்ணரை இருக்கலாம்."

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பேச இன்னும் நிறைய இருந்தது. திட்டம், வேலை, வாயு, பதற்றம். ஒன்றையும் சொல்லவில்லை. பட்டர்வொர்த் துறை நெருங்கி, எல்லாரும் வண்டியைக் கிளப்ப ஆரம்பித்தார்கள். அவரும் தலைக்கவசத்தை மாட்டினார். மாட்டிய பிறகு சொன்னார்.

"என் வீட்டுக்காரி தெனமும் தொழுதுட்டு உங்களுக்கு துஆ கேக்கறா. தெரியுமா?"

தடுப்பு விலகியது. அவர் போய்விட்டார்.

மறுநாள் பேராசிரியரிடம் போய் அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றேன். என்ன திருத்தம் என்று சொன்னேன். அவர், அந்தச் சாம்பிளுக்காக உன்னை அவசரப்படுத்தியது நான்தான், அதையும் எழுது என்றார். எழுதினேன். மருத்துவமனைக்கும் ஒரு கடிதம் போட்டேன். குழு என்னை அழைத்து விசாரித்தது. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. ஆறு மாதம் தனியாகப் பொறுப்பு எதுவும் ஏற்கக் கூடாது என்றார்கள். வேலை போகவில்லை. நான்காவது குழாயின் அளவைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் கேட்டேன். அதை மறுத்தது அண்ணன்தான். அளவு சரி என்றால் சரி, அதைத் தூக்கிப் போட்டு யாருக்கு என்ன லாபம் என்று பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் நேராகச் சொல்லவில்லை. என்னிடம் அவர் அப்போது வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். தங்கச்சி என்பது போய் மிஸ் என்று ஆகியிருந்தது.

ஒரு வாரம் கழித்து, தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார், மனைவியிடம் எல்லாம் சொல்லிவிட்டதாக. அவருக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டுமாம்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் மனைவி வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தது போல் தோளில் பை. அண்ணன் ஆய்வக வாசலிலேயே நின்றுவிட்டார். நான் குளிர்பெட்டியைத் திறந்து, நான்காவது குழாயில் மிஞ்சியதை எடுத்துக் கொடுத்தேன். சுண்டுவிரல் பாதி உயரப் புட்டி. அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முதலில் தண்ணீர் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. பிறகு அடியில் அசைந்ததைக் கண்டார்.

"இவ்ளோதானா?"

"பாதிய அனுப்பிட்டோம் அக்கா. இருந்ததே அரை மில்லி."

"இது அன்னிக்கு போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அடுத்த மழைக்கு மறுபடியும் புடிச்சிருக்கணும்."

"அடுத்த மழ எப்ப பெஞ்சுது?"

எனக்குத் தெரியும். நோட்டைப் புரட்ட வேண்டியதில்லை. "மறுநாளே," என்றேன்.

அவர் தலையசைத்தார். புட்டியை மேசைமேல் வைத்தார், பத்திரமாக, உருளாத இடமாகப் பார்த்து. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இவர் இனி மொட்டை மாடிக்கு ஏற வேண்டாம் என்று மட்டும் சொன்னார். வாசலில் நின்றவரைப் பார்த்து, போவோமா என்றார். இருவரும் போனார்கள்.

பிறகு மொட்டை மாடி அறையில் காற்றாடி வைத்தார்கள், வாயு அளக்கும் அலாரம் வைத்தார்கள், கதவை வெளிப்பக்கம் திறப்பதாக மாற்றினார்கள். அண்ணன் மேலே வரவில்லை. ஆய்வகத்தில் புட்டிகளை எடை போட்டார். இன்னொரு உதவியாளரோடு நான் அந்த ஆண்டின் மிச்ச மழைகளைப் பிடித்தேன். சிலது கிடைத்தது, சிலது கெட்டுப்போயிற்று. திட்டம் முடிந்து நான் வேறு பிரிவுக்கு மாறினேன்.

அடுத்த பெருநாளுக்கு அவர்கள் வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு வந்தது. அக்காவே போன் செய்திருந்தார். போனேன்.